சமநிலை மதிப்பெண் 2.58, ஆனால் ஏழு மணிக்கு மேல் கை எழவில்லை. இந்தக் கணக்கு யாருக்காவது புரிகிறதா?

சுமதி_கும்பகோணம்:

வணக்கம். எனக்கு லிம்ப் கர்டில் தசைச்சிதைவு, அதாவது இடுப்பு, தோள் தசைகள் வருடா வருடம் பலம் இழக்கும் பரம்பரை நோய். அதில் டிஸ்ஃபெர்லின் என்ற புரதம் குறைவாக இருக்கும் வகை. கல்லூரி முடிக்கும் சமயத்தில் படியேறச் சிரமம், அப்புறம் தசைச் சேதத்தைக் காட்டும் சிபிகே ரத்தப் பரிசோதனை ஆயிரக்கணக்கில், அப்புறம் ஜீன் டெஸ்ட் என்று இங்கே பலர் வந்த வழிதான், அதை விரிக்கவில்லை. இப்போது வயது 38. அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியை. பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் நடப்பேன். தரையில் உட்கார்ந்தால் ஒருவர் தூக்கிவிட வேண்டும். கை தோளுக்கு மேல் போவது பெரும் சிரமம்.

போன மாதம் பிசியோவுக்குப் போன இடத்தில் புதிதாக ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்ய வழி சொல்லித்தருபவர்) வந்திருந்தார். என் பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும். 'லைஃப் பேலன்ஸ் இன்வென்டரி' என்ற படிவத்தை அவரே தமிழில் சொல்லிச் சொல்லிப் பதில் வாங்கினார். மொத்தம் 53 செயல்கள். தூக்கம், சாப்பாடு, உடற்பயிற்சியில் ஆரம்பித்து சொந்தபந்தம், வழிபாடு, தோட்டவேலை, செல்லப்பிராணி வரை போகிறது. ஒவ்வொன்றிலும் முதல் கேள்வி: இதைச் செய்கிறீர்களா, அல்லது செய்ய விருப்பமா? 'இல்லை' என்றால் அடுத்ததற்குத் தாவிவிடலாம். 'ஆம்' என்றால், கடந்த ஒரு மாதத்தில் அதற்குச் செலவான நேரம் நான் விரும்பிய அளவா, குறைவா, கூடுதலா என்று சொல்ல வேண்டும். விரும்பிய அளவுக்கு 3. சில சமயம் கூடக்குறைய இருந்தால் 2. எப்போதுமே அப்படித்தான் என்றால் 1. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி.

நான் 24-க்கு 'ஆம்' சொன்னேன். 16 சரியான அளவு, 6 சில சமயம், 2 எப்போதும். கூட்டினால் 62, சராசரி 2.58. இரண்டரைக்கு மேல் வந்தாலே 'மிக நல்ல சமநிலை' வகையாம். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "எனக்கே இவ்வளவு வராதே" என்றார்.

இனி என் சாயங்காலத்தைச் சொல்கிறேன். பள்ளி விட்டு, பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வீட்டுக்கு வருகிறேன். உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தபடி சமையல். மகள் எட்டாவது படிக்கிறாள், அவளுக்குக் கணக்கு. ஏழு மணிக்கு மேல் என் தலையில் இருக்கும் கிளிப்பை எடுக்கக்கூட கை எழாது, மகள்தான் எடுத்துவிடுகிறாள். எட்டரைக்குப் படுக்கை. அழுது புலம்ப இதை எழுதவில்லை, என் நாள் இப்படித்தான் ஓடுகிறது. ஆனால் இதற்கு 'மிக நல்ல சமநிலை' என்று பெயர் வைத்தால் கேள்வி கேட்கத் தோன்றுகிறது.

இந்தப் படிவம் எதைத்தான் அளக்கிறது? ஆறு மாதம் கழித்து மறுபடி நிரப்பி 'முன்னேற்றம்' பார்க்கலாம் என்கிறார் அந்தப் பெண். வருடா வருடம் பலம் குறைகிற ஆளுக்கு எதில் முன்னேற்றம் பார்ப்பது? நம்மைப் போன்றவர்களுக்கு வேறு வழி இருக்கிறதா? படிவத்தைக் குறை சொல்லி அவர் மனதைப் புண்படுத்தவும் விருப்பமில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராஜபாளையத்து_அப்பா:

சுமதி மேடம், என் மகனுக்கு டூஷேன் தசைச்சிதைவு. 15 வயது, வீல்சேரில் இருக்கிறான். நீங்கள் சொன்ன படிவத்தை அவனுக்குப் போட்டால் 3-க்கு 3 வாங்குவான். செஸ், யூடியூப், நண்பர்கள், டியூஷன் எல்லாம் அவன் விரும்பிய அளவு நடக்கிறது. ஏன் நடக்கிறது என்றால் என் மனைவி ராத்திரியில் எழுந்து எழுந்து அவனைத் திருப்பிப் படுக்க வைக்கிறாள், பகலில் கழிப்பறைக்குத் தூக்குகிறாள், சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதற்கும் போவதில்லை. ஒரு வீட்டில் ஒருவருடைய சமநிலை இன்னொருவர் தூக்கத்திலிருந்து வருகிறது. அதை எந்தப் படிவத்தில் எழுதுவது? நான் லாரி ஷெட் வைத்திருக்கிறேன், படித்தவன் இல்லை. தப்பாகக் கேட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மல்லிகா_ஓடி:

சுமதி டீச்சர், நான் கோவையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். நரம்புத்தசை நோயாளிகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெண்ணைப் பாராட்டுங்கள். 53 கேள்வியையும் தமிழில் உட்கார்ந்து கேட்க இங்கே பெரும்பாலான இடங்களில் யாருக்கும் நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. இரண்டு பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

படிவத்தின் கதை இது. கேத்லீன் மட்டுஸ்கா என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் உருவாக்கியது, 2012-இல் வெளியிட்டார். அதற்கு நாலு வருடம் முன்பு, 2008-இல், சார்லஸ் கிறிஸ்டியன்சென் என்பவரோடு சேர்ந்து வாழ்க்கைச் சமநிலைக்கு ஒரு மாதிரி எழுதியிருந்தார். அதன்படி ஒரு மனிதருக்கு ஐந்து தேவைகள்: உடல்நலம், உறவு, ஆர்வமும் சவாலும், தான் யார் என்ற அடையாளம், இவற்றுக்கெல்லாம் நேரத்தையும் சக்தியையும் ஒழுங்காகப் பங்கிட்டுக்கொள்வது. படிவத்தில் முதல் நான்குக்கும் தனித்தனிப் பிரிவு இருக்கிறது. ஐந்தாவதற்கு இல்லை. விரும்பிய நேரமும் செலவான நேரமும் பொருந்துகிறதா என்பதிலேயே அது அடங்கிவிடுகிறது. நேரம் அடங்குகிறது, சக்தி அடங்குவதில்லை. உங்கள் ஏழு மணி அங்கேதான் விட்டுப்போகிறது. சேலை கட்ட அரை மணி, டிவி பார்க்க அரை மணி. இரண்டும் 'விரும்பிய அளவு' என்றால் இரண்டுக்கும் 3. முதலாவது உங்கள் தோளிலிருந்து எவ்வளவு எடுத்தது என்று அந்தக் கட்டத்தில் எழுத இடமே கிடையாது.

இதைவிடப் பெரிய ஓட்டை, 53-இல் 24 போக மீதி 29 'இல்லை'யில் இருக்கிறது. 'இல்லை' என்ற செயலைச் சராசரியில் சேர்ப்பதில்லை. இதை யோசித்தேதான் வைத்தார்கள். நாய் வளர்க்க ஆசையே இல்லாதவரிடம் நாய் இல்லை என்பதற்காக மதிப்பெண் குறைக்கக் கூடாதல்லவா? நல்ல உடம்புக்காரருக்கு இது நியாயமான ஏற்பாடு. உங்களுக்கு என்ன நடக்கிறது பாருங்கள். ஒரு காரியம் கடினமாகிறது. முதலில் குறைவாகச் செய்கிறோம், அப்போது மதிப்பெண் இறங்குகிறது. ஒருநாள் அது வேண்டாம் என்றே மனதைத் தேற்றிக்கொள்கிறோம். அன்றைக்கு அது 'இல்லை'க்குப் போய்விடுகிறது, மதிப்பெண் ஏறிவிடுகிறது! ஆறு மாதம் கழித்து நீங்கள் இன்னும் மூன்று காரியத்தைக் கைவிட்டிருந்தால் 2.7 வரலாம். அதை 'முன்னேற்றம்' என்று ஃபைலில் எழுதுவார்கள்.

அதனால் ஒரு காரியம் செய்யுங்கள். 29 'இல்லை'யையும் எடுத்து இரண்டாகப் பிரியுங்கள். எப்போதுமே வேண்டாததெல்லாம் ஒரு பக்கம். முன்பு செய்து, நோயால் நின்றுபோனதெல்லாம் மறுபக்கம். இரண்டாவது பட்டியல்தான் எங்களுக்கு வேண்டியது. நான் அதைத்தான் முதலில் கேட்பேன், மதிப்பெண் அப்புறம்.

வேறு கருவிகளும் உண்டு. ஸ்வீடனில் 2014-இல் வந்த 'ஆக்குபேஷனல் பேலன்ஸ் கொஸ்டினேர்' தனித்தனிச் செயலைக் கேட்பதில்லை. உங்களுக்காகச் செய்வதும் பிறருக்காகச் செய்வதும் சரிசமமா, சக்தி தருகிற வேலையும் சக்தியைப் பிடுங்குகிற வேலையும் சரிசமமா, ஓய்வு போதுமா என்று கேட்கும். முதலில் 13 கேள்விகள், பிறகு 11 ஆக்கினார்கள். நம் பெண்களிடம் 'உங்களுக்காக என்ன செய்கிறீர்கள்' என்று கேட்டால் பாதிப்பேர் என் முகத்தைப் பார்ப்பார்கள். அதற்காகவே அது எனக்குப் பிடிக்கும்.

ஆனால் நான் அதிகம் நம்புவது கனடாக்காரர்களின் 'சிஓபிஎம்'. அதில் பட்டியலே கிடையாது. எது சிரமம் என்று நோயாளி சொல்ல வேண்டும், அதிகபட்சம் ஐந்து. ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று பத்துக்கு ஒரு எண். அப்புறம் இப்போது எப்படிச் செய்கிறீர்கள், அதில் எவ்வளவு திருப்தி என்று பத்துக்கு இரண்டு எண்கள். மறுபடி கேட்கும்போது இரண்டு புள்ளி மாறியிருந்தால் நிஜமான மாற்றம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

ஓர் உதாரணம். சிஎம்டி என்ற, கைகால் பலத்தைக் குறைக்கும் பரம்பரை நரம்பு நோய் உள்ள ஒரு தையல்காரர் வந்தார். தையல் மிஷின் பெடலைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்ன முதல் பிரச்சினை கல்யாணப் பந்தி. விரலில் பலம் இல்லாததால் சாம்பார் சாதம் இலைக்கும் வாய்க்கும் நடுவே சிந்துகிறது, பக்கத்தில் உட்கார்ந்தவர் பார்க்கிறார், அதனால் கல்யாணத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டார். முக்கியம் 10, செயல் 3, திருப்தி 1. 53 செயல் பட்டியலில் இது எங்கே வரும்? மேசை ஓரத்தில் முழங்கையை ஊன்றிச் சாப்பிடுவது, கைப்பிடி தடித்த ஸ்பூனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்வது, சம்பந்தி வீட்டில் கூச்சப்படாமல் எடுப்பது என்று பழகினோம். சில மாதம் கழித்துச் செயல் 4, திருப்தி 6. தசை அப்படியேதான் இருந்தது, கொஞ்சம் மோசமாகவும் ஆகியிருக்கலாம். பலம் குறைகிற ஆளுக்கு எதில் முன்னேற்றம் என்று கேட்டீர்களே டீச்சர், திருப்தி என்ற அந்த இரண்டாவது எண்ணில் பாருங்கள்.

ராஜபாளையத்து அண்ணே, நீங்கள் கேட்டதில் தப்பே இல்லை. இந்தப் படிவங்கள் எல்லாம் ஒரு தனி மனிதரை அளப்பவை. அண்ணிக்குத் தனியாக ஒன்று நிரப்பச் சொல்லுங்கள், மகனுடைய ஃபைலிலேயே அதையும் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ராத்திரி திருப்பிப் படுக்க வைப்பதற்குக் கட்டில், மெத்தை, தலையணை அமைப்பில் நிறைய செய்ய முடியும். தனியாக ஒரு இழை ஆரம்பியுங்கள், வந்து எழுதுகிறேன்.

ஐந்தோவன்_கார்த்திக்:

நெதர்லாந்தில் ஐந்தோவனில் இருக்கிறேன், சொந்த ஊர் விருதுநகர். எனக்கு எஃப்எஸ்எச்டி, முகம், தோள் தசைகளைப் பலவீனமாக்கும் தசைச்சிதைவு. இங்கே இந்த நோய்களுக்கு நைமேகன் ராட்பவுட் மருத்துவமனைதான் பெரிய இடம். களைப்பைப் பற்றி அவர்கள் ரொம்ப நாளாகவே ஆராய்கிறார்கள். எஃப்எஸ்எச்டி, மயோடோனிக் டிஸ்ட்ரோபி என்ற இன்னொரு தசைச்சிதைவு, பரம்பரை நரம்பு நோய் ஆகிய மூன்றிலும் 61 முதல் 74 சதவீதம் பேருக்குக் கடுமையான களைப்பு என்று 2005-இல் வெளியிட்டார்கள். அதுவரை டாக்டரிடம் 'அசதியா இருக்கு' என்றால் 'தூங்குங்க' என்பதுதான் பதில் என்று என் குழுவில் இருந்த ஒரு பாட்டி சொல்வார்.

சுமதி அக்கா, உங்களுக்குப் பயன்படக்கூடியது இங்கே ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் தரும் 'ஆக்டிவிடைட்டன்வேகர்' என்ற புள்ளிக் கணக்கு. நாளை அரை மணி அரை மணியாகப் பிரித்து எழுத வேண்டும். லேசான வேலைக்கு 1 புள்ளி, நடுத்தரத்துக்கு 2, கனமானதுக்கு 3. உண்மையிலேயே ஓய்வு தருவது என்றால் ஒன்றைக் கழிக்கலாம். எது கனம் எது லேசு என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு ஸ்டேஷனுக்குச் சைக்கிள் மிதிப்பது 3, அதை எதிர்பார்த்தேன். கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே டீம் மீட்டிங்கில் இருப்பதும் 3 என்று எழுதியபோதுதான் ஆச்சரியம். முகத் தசையே பலவீனமான ஆளுக்குச் சிரிப்பதும் உழைப்புதானே.

இரண்டு வாரம் எழுதியதில் திங்கட்கிழமை எக்கச்சக்கமாக ஏறி, செவ்வாய் தரையில் கிடந்தது. மொத்தத்தைக் குறைக்கும்படி தெரபிஸ்ட் சொல்லவில்லை. மேடுபள்ளம் இல்லாமல் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே எண் வருகிற மாதிரி முதலில் கலைத்து அடுக்கச் சொன்னார். அதற்கே ஒரு மாதம் போனது. அடுக்கிய பிறகு வியாழக்கிழமை மாலை எனக்குக் கிடைத்தது. வாரத்தில் ஒரு மாலை நண்பர்களோடு கேரம்.

இதையே பெரிதாக்கி 'எனர்ஜெட்டிக்' என்று 16 வாரக் குழுப் பயிற்சி வைத்திருக்கிறார்கள். அவரவர்க்கு ஏற்ற ஏரோபிக் பயிற்சியும் சக்தியைச் சிக்கனமாகச் செலவழிக்கும் பழக்கமும் சேர்ந்தது. 2019-இல் சோதனை முடிவு வந்தது. அதில் முதன்மை அளவுகோலாக மல்லிகா மேடம் சொன்ன அதே சிஓபிஎம்தான் இருந்தது.

ஒன்று சொல்லியாக வேண்டும். இங்கே டைரியில் எழுதாமல் மாமியார்கூட வீட்டுக்கு வரமாட்டார். ஊரில் ஞாயிற்றுக்கிழமை பத்து பேர் சொல்லாமல் வந்து நின்றால் எத்தனை புள்ளி என்று யார் கணக்குப் போடுவது?

மல்லிகா_ஓடி:

கார்த்திக், பயனுள்ள பதில். டீச்சருக்கு ஓர் எச்சரிக்கை மட்டும்: புள்ளிக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள், ஏரோபிக் பகுதியை இணையத்தில் படித்து நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். டிஸ்ஃபெர்லின் குறைபாட்டில் கடும் உடற்பயிற்சி கூடாது. ஒரு வேலைக்குப் பிறகு மறுநாளும் தசைவலி போகவில்லை, அல்லது சிறுநீர் கோலா நிறத்தில் போகிறது என்றால் அது தசை உடைகிற அறிகுறி. உடனே டாக்டரைப் பாருங்கள்.

சுமதி_கும்பகோணம்:

எல்லோருக்கும் நன்றி. சனி, ஞாயிறு இதையே வேலையாக வைத்துக்கொண்டேன்.

மல்லிகா மேடம் சொன்னபடி 29-ஐயும் பிரித்தேன். இருபது எனக்கு என்றைக்குமே வேண்டாதவை. மீதி ஒன்பதும் நான் செய்துகொண்டிருந்தவை. அவற்றையெல்லாம் 'ஆம், எப்போதும் குறைவு' என்று போட்டுப் பார்த்தேன். 62-உடன் 9, மொத்தம் 71. வகுத்தல் 33. சராசரி 2.15. ஒரு படி கீழே, 'ஓரளவு சமநிலை'.

நான் பிளஸ் டூவுக்குச் சொல்லிக்கொடுப்பதே இதுதான். வாராக்கடனைப் போக்கெழுதிவிட்டால் கடனாளிகள் பட்டியல் சுத்தமாகத் தெரியும், ஆனால் பணம் போனது போனதுதான். இருப்புநிலைக் குறிப்பு மட்டும் பார்க்கிறவருக்கு அது தெரியாது, இலாப நட்டக் கணக்கையும் புரட்ட வேண்டும். என் 2.58-இல் ஒன்பது வாராக்கடன் இருந்திருக்கிறது. எப்போது போக்கெழுதினேன் என்று பாதிக்கு எனக்கே தேதி நினைவில்லை.

ஒன்பதையும் திரும்பக் கேட்கப் போவதில்லை. மாடித் தோட்டம் போகட்டும், மனதார விட்டுவிட்டேன். ரயிலில் தனியாக அம்மா வீட்டுக்குப் போவதையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். சிஓபிஎம் முறைப்படி மூன்று எழுதினேன். மகளுக்குத் தலை பின்னிவிடுவது: முக்கியம் 10, செயல் 2, திருப்தி 1. என் தோழியோடு மகாமகக் குளக்கரையில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசுவது: 8, 1, 1. நின்றுகொண்டு பாடம் நடத்துவது: 7, 4, 5. கடைசியில் எனக்கே வியப்பு. பள்ளியில் எல்லோரும் கவலைப்படுவது அதைப் பற்றித்தான், எனக்கு அது மூன்றாவதாகத்தான் வந்தது.

புள்ளிக் கணக்கும் ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமையை நினைவிலிருந்து எழுதினேன். சேலை 3. எங்கள் பள்ளியில் சேலைதான், எழுதாத சட்டம். பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் ஸ்கூட்டரைத் திருப்புவது 3. கரும்பலகையில் மேல் பாதியில் எழுதுவது 3. காலை பத்து மணிக்குள்ளேயே ஒன்பது புள்ளி தாண்டிவிட்டது, பாடம் இன்னும் முக்கால்வாசி பாக்கி. மாலையில் தோசை வார்ப்பது 2. மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது 1 என்று எழுதப் போனவள், கழித்தல் ஒன்று என்று எழுதினேன். அது எனக்கு ஓய்வுதான் போலிருக்கிறது.

இந்த வாரம் மாற்றப் போவது: கரும்பலகையில் கீழ்ப் பாதி மட்டும், மேல் பாதிக்கு ஒரு மாணவி எழுதுவாள். சேலைக்கு மடிப்பு வைத்துத் தைத்துத் தரும் கடை ஒன்று பெரிய தெருவில் இருக்கிறது, மூன்று சேலையைக் கொடுத்திருக்கிறேன். தலை பின்னுவதைப் பள்ளி நாள் காலையிலிருந்து ஞாயிறு காலைக்கு நகர்த்துகிறேன். அவள் கீழே முக்காலியில், நான் நாற்காலியில், முழங்கை இரண்டும் என் தொடை மேல் வைத்த தலையணையில். குளக்கரைக்கு இன்னும் வழி தெரியவில்லை. அங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது.

ராஜபாளையத்து அண்ணா, என் மகளையும் நான் இதுவரை கணக்கில் சேர்க்கவில்லை. தினமும் கிளிப் எடுத்துவிடுகிறவள் அவள். அவளிடம் ஒரு படிவம் நீட்டுவேனா தெரியாது, ஆனால் கேட்கப் போகிறேன்.

மல்லிகா_ஓடி:

குளக்கரைக்கு மடக்கு ஸ்டூல். உயரம் முக்கியம், உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிட நன்றாக மேலே இருக்க வேண்டும். வீட்டில் சமைக்கும் ஸ்டூலின் உயரத்தை அளந்து அதே அளவில் கால் நீளும் அலுமினிய ஸ்டூல் வாங்குங்கள், ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொள்ளலாம். படிக்கட்டு வேண்டாம், மேலே நடைபாதையில் கம்பி ஓரமாக. கிளம்புகிற நாளில் சமையலை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்த முறை போகும்போது அந்தப் பெண்ணிடம் மூன்று தாள் கொடுங்கள்: ஒன்பது செயல் பட்டியல், மூன்று சிஓபிஎம் எண்கள், ஒரு வாரப் புள்ளிக் கணக்கு. சண்டை போட வேண்டியதே இல்லை, அவர் சந்தோஷப்படுவார்.

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். காலையில் தலைவலியோடு எழுகிறீர்களா? மல்லாந்து படுத்தால் மூச்சுக்குச் சிரமமா? பகலில் தூக்கம் சொக்குகிறதா? இருந்தால் நேரப் பங்கீடு எதையும் தொடாமல் முதலில் நுரையீரல் கொள்ளளவு டெஸ்ட், உட்கார்ந்தும் படுத்தும் இரண்டு விதமாகவும் எடுக்கச் சொல்லுங்கள். மூச்சுத் தசை பலவீனமானால் ராத்திரியில் கரியமில வாயு தேங்கும், அந்த அசதியை எந்தப் படிவமும் தீர்க்காது. உங்கள் வகையில் இது பெரும்பாலும் தாமதமாகத்தான் வரும், சிலருக்கு வராமலும் போகும். ஆனாலும் கேட்டுவைப்பது நல்லது.

சுமதி_கும்பகோணம்:

தலைவலி இல்லை, மல்லாந்துதான் படுக்கிறேன். டெஸ்ட் எடுத்து மூன்று வருடம் ஆகிறது, இந்த முறை எழுதிக் கேட்கிறேன். ஸ்டூல் உயரம் 62 சென்டிமீட்டர் வருகிறது, இதே அளவில் கிடைக்குமா?

மல்லிகா_ஓடி:

கால் நீளும் மாடல் கேளுங்கள், கிடைக்கும். வாங்குமுன் கடையிலேயே உட்கார்ந்து, கை ஊன்றாமல் இரண்டு தடவை எழுந்து பாருங்கள். காலின் அடியில் ரப்பர் இருக்கிறதா என்றும் பாருங்கள், குளக்கரைக் கல் வழுக்கும்.